பெருவிரல் பதிந்த பக்கம்

அக்கா,

உங்கள் சேலைக் கரையை இன்று அவிழ்த்தேன். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட அந்தத் துண்டு, பழைய பிறப்புப் பதிவுப் புத்தகம் ஒன்றைச் சுற்றி நாலு வருடமாகக் கட்டியபடியே கிடந்தது. நீங்கள் போட்ட முடிச்சு இறுகிப்போய், நகத்தால் கிண்டித்தான் கழற்ற முடிந்தது. கழன்றதும் வேப்பிலையும் நனைந்து காய்ந்த கடதாசியும் கலந்த மணம் ஒன்று எழும்பியது. எங்கள் பழைய அலுவலகக் கொட்டிலின் மணம்.

அவிழ்க்க வைத்தவள் உங்கள் மகள் தவமணி. வவுனியாவிலிருந்து ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அது என் மேசைக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. முன்பக்கத்தில் ஒழுங்கான விண்ணப்பம். பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: “மிஸ், அம்மா இல்லைன்னு சிலர் சொல்றாங்க. இடம்பெயர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் போயிட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க. நாயாற்றுல கருவாடு காய வெக்கிற எடத்துல பார்த்ததா ஒருத்தர் சொன்னாரு. யாரை நம்புறதுன்னு தெரியல. அம்மாவுக்கு மரணச் சான்றிதழ் இருந்தா அனுப்புங்க. கடதாசியில இருந்தா நம்புறேன்.”

கடதாசியில் இருந்தால் நம்புகிறாளாம். உங்கள் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி எழுதுவாள்!

மரணப் பதிவுப் புத்தகத்தை நான் திறந்து பார்க்கத் தேவையில்லை. அதில் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் நான் அனுப்ப வேண்டிய பதிலும் தெரிந்ததுதான். “தேடிப் பார்த்ததில் அத்தகைய பதிவு எதுவும் காணப்படவில்லை.” கீழே கையொப்பம், முத்திரை. இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். இரண்டாம் தடவை எழுதக் கை வரவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? சண்டையில் பட்டினமே இடம்பெயர்ந்து அடுத்த வருடம் அது. எங்கள் அலுவலகம் ஒரு காட்டோரப் பள்ளிக்கூடத்தின் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் வந்திருந்தது. மேசை இரண்டு, கதிரை ஒன்று. அந்த ஒரு கதிரையில் நான்தான் இருந்தேன். பிறப்பு, இறப்பு, விவாகம் என்று மூன்றுக்கும் எழுதுவினைஞர் நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால் தறப்பாளுக்குக் கீழே, மரப்பெட்டிகளில் பதிவுப் புத்தகங்கள். உழவு இயந்திரத்தில் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்த அன்று வழிநெடுக மழை. நனைந்த பெட்டிகளைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்தால் எது எது அழிந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் மேலே அறிக்கை எழுத வேண்டும்.

நனையாமல் தப்பியது சுட்டிப் புத்தகம் மட்டும். பிள்ளைகளின் பெயர்களை அகர வரிசையில், தகப்பன் பெயரோடு எழுதி, எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று காட்டுகிற புத்தகம் அது. ஒருவர் வந்து பெயரைச் சொன்னால் அதில் விரலை ஓட்டுவேன். பெயர் இருந்தால் அந்தப் பெட்டியை மட்டும் திறப்பேன். இல்லாவிட்டால் இல்லை. அதுதான் அன்றைக்கு என் வேலை முறை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தர்மபுரத்திலிருந்து பாதி நாள் நடந்து வந்து வரிசையில் நின்றீர்கள். முழங்கால் வரைக்கும் புழுதி. மேசைக்கு முன்னால் வந்தபோது உங்களை நான் அக்கா என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. சொல்லக் கூசினேன் என்பதுதான் உண்மை. என் அப்பா குடாநாட்டிலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்தவர். எங்கள் வயலில் களை பிடுங்க உங்கள் ஆட்கள்தான் வருவார்கள். மலையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேலியில் தனியாகத் தகரப் பேணிகள் தொங்கும். அந்தப் பேணிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். படித்து உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அந்தத் தொனி என் வாயை விட்டுப் போகவில்லை.

“பேர்?” என்றேன்.

“தவமணிங்க.”

“உங்கட பேரோ?”

“என் மக பேருங்க மிஸ். அதுக்கு பேர்த் சேட்டிபிக்கட் வேணும். புள்ள வவுனியா முகாம்ல மாட்டிக்கிட்டிருக்கு.”

நின்றபடியே சொல்லி முடித்தீர்கள். மகளுக்கு நெஞ்சில் வருத்தம். பக்கத்து வீட்டுக்காரியோடு வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். வன்னியிலிருந்து போகிறவர்களை அங்கே இராணுவம் முகாமில்தான் வைக்கும். கொழும்புக்குப் போய் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அடையாள அட்டை இல்லாதவளை முகாமை விட்டு வெளியே விடுவதாக இல்லை. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி திரும்பி வந்துவிட்டாள், மகள் ஆறு மாதமாக அங்கேயே கிடக்கிறாள். மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறாள்.

“பிறந்த திகதி?”

“கலவரத்துல தோட்டத்த விட்டு வந்தோம்ல, அதுக்கு அடுத்த மாரிங்க. கொளம் நெறஞ்சு வழிஞ்சு வான் பாஞ்சிட்டிருந்துச்சு.”

“குளம் வான் பாஞ்சதெல்லாம் புத்தகத்தில பதியிறேல்லை.”

வரிசை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னைச் சும்மா விடவில்லை.

சுட்டியில் ‘த’ வரிசையில் இரண்டு வருடத்துக்கு விரலை ஓட்டினேன். தவமணிகள் இருந்தார்கள், உங்கள் தவமணி இல்லை. காபன் தாள் வைத்துக் கடிதத்தை எழுதி, முத்திரை குத்தி, ஒரே மூச்சில் சொன்னேன்: “பதிவு இல்லையெண்டு கடிதம் தாறன், இதைக் காட்டி அனுமான வயதுச் சான்றிதழுக்குப் போடலாம், அடுத்த ஆள் வாங்கோ.”

அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். “கும்புடுறேன் மிஸ். நல்லா இருப்பீங்க,” என்றீர்கள். சொப்பிங் பாக்கில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு போனீர்கள். ஒரு ஏழைக்கு உதவி செய்த திருப்தியோடு நான் அடுத்த ஆளின் விண்ணப்பத்தை எடுத்தேன்.

அந்தக் கடதாசியைத்தான் நீங்கள் பிறப்புச் சான்றிதழ் என்று நினைத்தீர்கள். முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? வவுனியாவுக்குப் போகிற ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து அதை மகளுக்கு அனுப்பினீர்கள். அவள் படித்தவள், வாசித்திருப்பாள். ஆனால் அது அவள் கைக்குப் போகவில்லை. கொண்டுபோனவர் முகாம் வாசலில் கொடுக்க, அங்கிருந்த ஒருவர் பலர் முன்னிலையில் வாசித்திருக்கிறார். அப்படி ஒரு பிள்ளை பிறந்ததாகப் பதிவே இல்லை என்று. அதற்குப் பிறகு அவள் சொன்ன ஊரையும் நம்பவில்லை, பெயரையும் நம்பவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த கொழும்புக் கடதாசி அவளுடைய கோவைக் கட்டின் அடிக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அவள் எழுதிய கடிதத்தோடு வந்தீர்கள். ஊரில் ஒரு வாத்தியார் வாசித்துக் காட்டியிருந்தார். வரிசையில் நிற்கவில்லை. நேரே மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

“மிஸ், நான் பெத்த புள்ளய இல்லைன்னு எழுதிட்டீங்களே.”

சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் பொய் எழுதேல்லை. சுட்டியில இல்லை, இல்லையெண்டு எழுதினனான். அனுப்ப முதல் ஆரிட்டயாவது குடுத்து வாசிச்சுப் பாத்திட்டு அனுப்பியிருக்கலாமே?”

“நீங்க குடுத்ததாச்சேன்னு அனுப்பிட்டேன் மிஸ்.”

நான் அடுத்த விண்ணப்பத்தை இழுத்து எடுத்தேன். நீங்கள் போகவும் இல்லை. கொட்டிலுக்கு வெளியே பாலை மரத்துக்குக் கீழே போய்க் குந்தினீர்கள். அடுத்த நாளும் வந்தீர்கள். பக்கத்தில் ஒரு சொந்தக்காரரின் குடிலில் தங்கிக்கொண்டு, அலுவலகம் திறக்கும்போது வந்து பூட்டும்போது போனீர்கள். ஒன்றும் கேட்பதில்லை. நான் தலையை நிமிர்த்தினால் உங்கள் முகம் தெரியும். எரிச்சலில் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டுகூட இருந்து பார்த்தேன். முதுகில் உங்கள் பார்வை படுவது போலவே இருந்தது.

நாலாம் நாள் நல்ல வெயில். பெட்டிகளைத் திறந்து புத்தகங்களைக் காயவைக்கச் சொல்லி எங்கள் பதிவாளர் ஐயா ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் முதல் பெட்டியை இழுக்க, மறுபக்கத்தை யாரோ தூக்கினார்கள். நீங்கள். நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. பாய்களை விரித்துப் புத்தகங்களைப் பரப்பினோம். பூச்சி அரிக்காமல் இருக்க தாளுக்குத் தாள் வேப்பிலை வைக்கலாம் என்றது உங்கள் யோசனை. வேலை செய்யும்போது கதை தன்பாட்டில் வந்தது.

“பிள்ளைக்குப் பேர் எப்ப வைச்சனீங்கள்?” என்று சும்மா கேட்டேன்.

“மூணு மாசங் கழிச்சுங்க. முப்பதாம் நாளு வெக்கிறதுதான் வழக்கம். மொத ரெண்டு புள்ளைக்கும் பேரு வெச்ச கையோட காய்ச்சல் வந்து போயிருச்சு. இதுக்கு அவசரப்பட வேணாம்னு விட்டுட்டேன்.”

“பதிஞ்சது?”

“அது பத்தாம் நாளே. மருத்துவிச்சி அம்மா கூட்டிட்டுப் போச்சு. பெருவெரல் வெச்சேன்.”

“அப்ப பேரை ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“அந்த அம்மாகிட்டத்தான். தோட்டத்துல டாக்டர் ஐயாகிட்ட சொன்னாப் போதும் மிஸ், அவரே ஆபீசுல எழுதிப் போட்டுருவாரு. இங்கயும் அப்புடித்தானே?”

இங்கே அப்படி இல்லை, அக்கா. இங்கே மருத்துவிச்சிக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்த பிறகு பெற்றவர்கள் திரும்ப வந்து, அதற்கென்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் புத்தகத்தில் ஏறும். தோட்டத்து வழக்கத்தை நம்பி, மகளின் பெயர் அரசாங்கத்துப் புத்தகத்தில் இருக்கிறது என்று பத்தொன்பது வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள்.

நான் வெயிலில் நின்று வியர்த்தேன். பெயர் இல்லாத பிறப்பைச் சுட்டியில் எழுதுவதில்லை. சுட்டியில் இல்லாதது புத்தகத்தில் இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே இதைச் சொல்லித் தந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், பெட்டி திறக்கிற பஞ்சியில், சோம்பலில், முன்னால் நிற்கிறவர் தோட்டத்து ஆள்தானே என்ற இளக்காரத்தில், இல்லை என்று எழுதினேன். இதை அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்த வருடத்துப் புத்தகம் கடைசிப் பெட்டியின் அடியில் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். தண்ணீர் உள்ளே போய், பேனை மை எல்லாம் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் நீலமாக ஊறியிருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பிறப்பு. எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று பாதியில் வாசிக்கவே முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது சரிவராது,” என்றேன். உங்களை முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். கைவிரிக்கிற நேரத்தில் மரியாதை வந்திருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் என் கையை மெதுவாக விலக்கினீர்கள்.

“எழுத்த நீங்க பாருங்க மிஸ். நான் கைய பாக்குறேன்.”

உங்கள் பெருவிரலை எனக்குக் காட்டினீர்கள். நடுவில் குறுக்காக ஒரு தழும்பு. சிறு வயதில், தோட்டத்தில், அடுப்புக்குத் தேயிலைச் செடியின் மிளாறு வெட்டும்போது கத்தி பட்டது. பேனை மைதான் கரைந்திருந்தது. கைநாட்டு வைக்கிற மையில் எண்ணெய் இருக்கிறது, தண்ணீருக்கு அது அசையவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெருவிரல் அடையாளங்கள் பளிச்சென்று இருந்தன. பத்து வருடமாக இந்தப் புத்தகங்களோடு கிடக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. எழுத்துத் தெரியாத உங்களுக்குத் தோன்றியது.

ஒன்றரை நாள் பார்த்தீர்கள். பக்கத்தைத் திருப்பி, குனிந்து, உதட்டுக்குள் பேசிக்கொண்டே பார்த்தீர்கள். “இது இல்ல... இது ஆம்பள கை... இது யாரோ மம்பட்டி புடிச்ச பொம்பள...” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் உங்கள் பேச்சு நின்றுபோனது. நான் நிமிர்ந்தேன். உங்கள் பெருவிரலை ஒரு பக்கத்தின் அடியில், பழைய அடையாளத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். இரண்டிலும் ஒரே குறுக்குக் கோடு.

பக்கத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். திகதி தெரிந்தது. உங்கள் பெயரும் காலமாகிவிட்ட உங்கள் கணவர் பெயரும் மங்கலாகத் தெரிந்தன. பிள்ளையின் பெயருக்கான கட்டம் மட்டும் சுத்த வெள்ளையாக இருந்தது. கரைய அங்கே எழுத்தே இல்லையே. நான் அழுதுவிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? “தள்ளி நின்னு அழுவுங்க மிஸ். திரும்பவும் புத்தகம் நனைஞ்சிரும்.”

திருப்பித் திருப்பிப் புத்தகத்தின் முதுகு விட்டுப்போயிருந்தது. கட்டக் கயிறு தேடினேன். அதற்குள் நீங்கள் சேலைக் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டிவிட்டீர்கள். “இனி இது செதறக் கூடாதுங்க,” என்று இறுக்கி முடிச்சுப் போட்டீர்கள்.

அன்று உங்களை என் கதிரையில் இருத்தி, நான் நின்றுகொண்டு விளக்கினேன். பெயர் ஏற்ற என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிராம சேவகரின் கடிதம். சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி. பிறகு பதிவாளர் ஐயாவின் கையொப்பம், அவர் புதன்கிழமைகளில் மட்டும்தான் வருவார். நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. நான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பத்து நாள் ஓடினீர்கள். கிராம சேவகர் இடம்பெயர்ந்து வேறு இடத்தில். நீதவான் இன்னொரு மூலையில். மகளிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வேறு வந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருந்தபடியே நித்திரை கொள்கிறேன் என்று. அதை மடியில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். இடையில் உங்களுக்குக் குளிர் காய்ச்சல். அந்த வருடம் வன்னி முழுக்க மலேரியா. “ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அக்கா,” என்றால், “குளிசை போட்டிருக்கேன்,” என்பீர்கள். எங்கே போட்டீர்கள்? ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும் என்று நீங்கள் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் புதன்கிழமை இரண்டு கடதாசியோடும் வந்துவிட்டீர்கள். கண் இரண்டும் மஞ்சள். பாலை மரத்தில் சாய்ந்தபடி பதிவாளர் ஐயாவுக்குக் காத்திருந்தீர்கள். பத்து மணிபோல விமானச் சத்தம். எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தோம். உங்களை நான் இழுத்து இறக்கினேன். கடதாசிப் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினீர்கள். பயத்தில் என்று நினைத்தேன். மேலே ஏறும்போது உங்களால் காலை ஊன்ற முடியவில்லை.

பதிவாளர் ஐயா மத்தியானம் தாண்டித்தான் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே நான் போய் முன்னால் நின்றேன். அவர் வாசித்தார், கையொப்பமிட்டார். வெள்ளைக் கட்டத்துக்குள் பெயரை நானே எழுதினேன். பிரதி எடுத்து, முத்திரை குத்தி, உங்களிடம் ஓடி வந்தேன்.

“பேரு எங்கங்க இருக்கு?”

உங்கள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். எழுத்து எழுத்தாகத் தடவினீர்கள். “நாலெழுத்தா? பெருசா இருக்கும்னு நெனச்சேன்,” என்றீர்கள்.

அதற்குள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உழவு இயந்திரம் ஒன்றை மறித்து, அதன் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். உங்கள் தலை என் மடியில். பாதை முழுக்கக் குழி. சாரதியைப் பார்த்து வாயில் வந்தபடி திட்டினேன், பாவம் அவர். பாதி வழியில் கண்ணைத் திறந்தீர்கள்.

“அனுப்பிருவீங்கல்ல மிஸ்?”

“ஓம் அக்கா. இண்டைக்கே அனுப்புறன்.”

“வாசிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க.”

உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. என்னைக் குத்திக்காட்டச் சொன்னீர்களா, விளையாட்டுக்குச் சொன்னீர்களா, இல்லை உண்மையாகவே பயந்து சொன்னீர்களா? நாலு வருடமாக யோசிக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆஸ்பத்திரி வாசல் படலை தெரியும் தூரத்தில் உங்கள் மூச்சு நின்றது. உள்ளே கொண்டுபோகாமலே முடிந்ததால் அங்கே எதுவும் எழுதவில்லை. உங்கள் ஊரார் வந்து கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

பிரதியை அன்றைக்கே அனுப்பினேன். வாசித்துப் பார்த்து, திரும்பவும் வாசித்துப் பார்த்து அனுப்பினேன். தவமணி முகாமை விட்டு வெளியே வந்தாள், கொழும்புக்குப் போனாள், சத்திரசிகிச்சையும் முடிந்தது. இப்போது வவுனியாவில் ஒரு தையல் கடையில் வேலை. அப்போது எனக்கு ஒரு கடிதம் போட்டாள். “அம்மா வந்தா சொல்லுங்க மிஸ், நான் நல்லா இருக்கேன்னு.” அதற்கு நான் பதில் போடவில்லை. எப்படிப் போட?

உங்கள் மரணத்தை ஏன் பதியவில்லை என்று கேட்பீர்கள். அலுவலகம் திரும்பவும் இடம்பெயர்ந்தது என்று சொல்லலாம். சொந்தக்காரர் வந்து அறிவிக்க வேண்டும், ஒருவரும் வரவில்லை என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் சாகும்போது பக்கத்தில் இருந்தவரும் அறிவிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அதுவும் எனக்கு முதல் கிழமையிலேயே சொல்லித் தந்ததுதான். எழுதாமல் இருக்கும்வரை அவளுக்கு நீங்கள் எங்கேயோ இருப்பீர்கள், நாயாற்றங்கரையில் கருவாடாவது காயவைத்துக்கொண்டு இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இரக்கம் என்று நினைத்தேன். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குச் சொல்லப் பயம். அவ்வளவுதான். என் பயத்துக்கு அந்தப் பிள்ளை நாலு வருடம் பாதையைப் பார்த்திருக்கிறாள்.

நேற்று லீவு எடுத்தேன். கிராம சேவகரின் கடிதமும் சத்தியக் கடதாசியும் முதலே எடுத்து வைத்திருந்தேன். என் அலுவலகத்துக்கே போய், மற்ற ஆட்களோடு வரிசையில் நின்றேன். எனக்குப் பிறகு வேலைக்கு வந்த எழுதுவினைஞர் எழும்பிவிட்டார்.

“மிஸ், நீங்கள் ஏன் வரிசையில? உள்ள வாங்கோ.”

“இல்லைப் பிள்ளை. இண்டைக்கு ஒரு மரணம் அறிவிக்க வந்தனான்.”

“சொந்தமோ?”

“இல்லை.”

“அப்ப என்னெண்டு போடுறது?”

“சாகேக்க பக்கத்தில இருந்தனான். அப்பிடியே போடுங்கோ.”

அவர் எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன். ஒரு தாய்க்குப் பிள்ளையை இல்லை என்று எழுதிய அதே கை, பிள்ளைக்குத் தாயை இல்லை என்று எழுதிக் கொடுக்கிறது. இந்தத் தடவை எழுதியது உண்மை. அது எனக்கு ஆறுதலாக இல்லை, அக்கா.

பிரதியை உறையில் போட்டிருக்கிறேன். கூடவே அவளுக்கு ஒரு நீண்ட கடிதம். முகாம் வாசலில் வாசித்த அந்தக் கடதாசியை எழுதியவள் நான்தான் என்றும், பெருவிரலைப் பார்த்து அம்மா உன்னைக் கண்டுபிடித்தாள் என்றும், கடைசியில் உன் பெயரைத் தடவிப் பார்த்தாள் என்றும் எழுதினேன். அவள் என்னை மன்னிப்பாளோ தெரியாது. சேலைக் கரையையும் மடித்து உள்ளே வைத்தேன். புத்தகத்தைச் சாக்கு நூலால் கட்டிவிட்டேன், கவலைப்படாதீர்கள், சிதறாது.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முதல் கடிதத்தின் காபன் பிரதி. கோவையிலிருந்து எடுத்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். அலுவலக ஒழுங்குக்கு அது பிழை, தெரியும். யாராவது வந்து பெயர் தெரியாது, திகதி தெரியாது என்று நிற்கும்போது, இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அப்போது பையைத் தொட்டுக்கொள்வேன். பிறகு அவரைக் கதிரையில் இருத்தி, “அந்த வருசம் குளம் வான் பாஞ்சதோ?” என்று கேட்பேன்.

இவ்வளவு எழுதியும் உங்கள் பெயரை இதில் நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய புத்தகத்தில் இப்போது இருக்கிறது. இன்று காலை மரணச் சுட்டியிலும் என் கையாலேயே ஏற்றினேன். இனி யார் வந்து உங்களைக் கேட்டாலும், முதல் தேடலிலேயே கிடைப்பீர்கள்.